கடைக்காரர் ஜிமெயிலில் ஓடும் உங்கள் டேப்

கேள்வி: துபாயில் இருக்கும் மகன் ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஆண்ட்ராய்டு டேப் கொடுத்து அனுப்பினான். எனக்கு இதுதான் முதல் டேப். செல்போன் கடைத் தம்பி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ஜிமெயில், வாட்ஸ்அப், மகனிடம் பேச போட்டிம் எல்லாம் ஏற்றிக் கொடுத்தார். இப்போது ஏதாவது செய்யப் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. கடையில் கேட்டால் "கொண்டு வாங்க, நானே போட்டுத் தர்றேன்" என்கிறாரே தவிர பாஸ்வேர்டைச் சொல்வதில்லை. ஆதார், பாஸ்புக் எல்லாம் அதில்தான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பேங்க் பணத்துக்கு ஆபத்து உண்டா? மொத்தத்தையும் அழித்துவிடலாமா?
– வாசகி (61), கீழக்கரை

பதில்: அந்த ஜிமெயிலை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பேங்க் பணத்தை யாரும் எடுத்துவிட முடியாது. யுபிஐ ஆப்பைத் தொடங்க, பேங்கில் கொடுத்த நம்பரின் சிம் அந்தக் கருவிக்குள் இருக்க வேண்டும். சிம் உங்கள் பழைய போனில்தான் இருக்கிறது என்றால் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள்.

போட்டோ விஷயம் அப்படியல்ல. ஜிமெயில் போடும்போது பெரும்பாலும் "பேக்கப்" என்பதையும் சேர்த்தே ஆன் செய்துவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படமும் வைஃபை கிடைத்ததும் அந்த ஜிமெயிலின் கூகுள் போட்டோஸில் ஏறிவிடும். பாஸ்வேர்ட் தெரிந்தவர் தன் போனில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கடைத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். ஒரே ஜிமெயிலைப் பத்துப் பேர் டேப்பில் போட்டுவிடும் கடைகள் உண்டு. அப்படியானால் மற்ற ஒன்பது பேருக்கும் உங்கள் ஆதார் தெரியும். ஏடிஎம் கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கே கார்டை பிளாக் செய்து புதுக் கார்டு கேளுங்கள். பேங்க் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கே போலி நம்பர்கள் நிறையக் கிடக்கின்றன. கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்த நம்பரில் கூப்பிடுங்கள்.

அழிக்கலாமா என்று கேட்டீர்கள். அழிக்கலாம், அவசரப்படாமல். டேப்பை அழித்தால் டேப்பில் இருப்பதுதான் போகும். ஜிமெயிலில் ஏறிய படங்கள் அங்கேயே இருக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

அதனால் முதல் வேலை, பேத்தி படம் மாதிரி வேண்டிய படங்களைப் பத்திரப்படுத்துவது. ஒரு மெமரி கார்டு போட்டு, ஃபைல்ஸ் ஆப் வழியாக அதில் காப்பி செய்யுங்கள். கார்டு போட இடமில்லாத மாடல் என்றால் டேப்பின் சார்ஜர் துளையில் சேரும் பென்டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: டேப்பில் தெரிகிற எல்லாப் படமும் டேப்பில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். "இடத்தைக் காலி செய்" என்பதை எப்போதாவது யாராவது அழுத்தியிருந்தால், பழைய படங்கள் ஜிமெயிலில் மட்டும் இருந்துகொண்டு இங்கே நிழல் காட்டும். அப்படிப்பட்ட படத்தைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டால் "டவுன்லோட்" என்று வரும். முதலில் அதை இறக்கிவிட்டு அப்புறம் காப்பி செய்யுங்கள். கான்டாக்ட்ஸ் ஆப்பில் "எக்ஸ்போர்ட்" கொடுத்தால் எல்லா நம்பரும் ஒரே ஃபைலாக வரும். அதை டேப்பிலேயே விட்டால் அழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்; கார்டில் போடுங்கள். காப்பி முடிந்ததும் கார்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் தவறிப்போய் அதிலிருப்பதையும் அழித்துவிடுவீர்கள்.

இப்போது கூகுள் போட்டோஸ் ஆப்பில் எல்லாப் படத்தையும் அழியுங்கள். இதோடு முடியவில்லை. அழித்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும். அதையும் திறந்து காலி செய்யுங்கள்.

அதன் பின் செட்டிங்ஸில் "அக்கவுண்ட்ஸ்" போய் அந்த ஜிமெயிலைத் தொட்டு நீக்குங்கள். திரை பூட்டின் பின் (PIN) நம்பர் கேட்டால் கொடுங்கள்; ஜிமெயில் பாஸ்வேர்ட் பொதுவாக வேண்டியிருக்காது. பிறகு அதே செட்டிங்ஸுக்குள் "ரீசெட்" என்று தேடி மொத்தத்தையும் அழியுங்கள். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்யும் யூடியூப் வைத்தியம் வேண்டவே வேண்டாம். ஜிமெயிலை நீக்காமல் அப்படிச் செய்தால், திருட்டு டேப் என்ற சந்தேகத்தில் பழைய ஜிமெயிலின் பாஸ்வேர்டைக் கொடு என்று டேப் பூட்டிக்கொள்ளும். திரும்பவும் அதே கடை வாசலில் போய் நிற்பீர்கள், "லாக் எடுக்க" என்று இன்னொரு தொகை கேட்பார்கள்.

"ரீசெட் எதற்கு, பாஸ்வேர்டை வாங்கி மாற்றிக்கொண்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். பாஸ்வேர்ட் மறந்தால் கைகொடுக்கும் மீட்பு நம்பரை உங்கள் நம்பராக மாற்றினாலும், 7 நாள் வரை பழைய நம்பருக்கும் கூகுள் கோடு (ரகசிய எண்) அனுப்பக்கூடும். அந்த ஒரு வாரம் சாவி கடைத் தம்பி பையிலும் இருக்கும். புது ஜிமெயில் போட்டுக்கொள்வதே மேல், அதற்கு ஒரு பைசா செலவில்லை. நம்பர் கேட்கும்போது உங்கள் நம்பரைக் கொடுங்கள். ஜி என்ற எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கக் கோடு உங்கள் போனுக்கு வரும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். எழுதி வைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் சொல்லட்டும், உங்கள் வீட்டு அலமாரி கடைக்காரர் மூளையைவிடப் பாதுகாப்பானது.

திரைக்கு ஆறு இலக்கப் பின் போடுங்கள், கோடு இழுக்கும் பேட்டர்ன் வேண்டாம். உப்புக்காற்று ஊரில் கண்ணாடியில் எப்போதும் ஒரு பிசுக்கு இருக்கும். டேப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் விரல் போன கோடு அப்படியே தெரியும்.

துபாயில் வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் போட்டிம் வேண்டியிருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் கடைகளில் நேரத்தை மிச்சப்படுத்த பென்டிரைவிலிருந்து ஏற்றிவிடுகிறார்கள். அது யார் கைபட்ட காப்பி என்று யாருக்கும் தெரியாது. ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் ஏற்றுங்கள். "தெரியாத ஆப்களை நிறுவு" என்று செட்டிங்ஸில் தேடி, வரும் பட்டியலில் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பி.எம். கிசான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வருகிற ஃபைலின் பெயர் ஏ, பி, கே என்ற மூன்று எழுத்தில் முடிந்தால் அது ஆப்பை ஏற்றும் ஃபைல், தொடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; அந்த நாட்களில் நிவாரணப் பட்டியல் என்று வந்தாலும் அதே பதில்தான். நிவாரணப் பட்டியலைப் பார்க்க ஆப் எதற்கு?

இத்தனைக்கும் பேங்குக்குப் போனால் "ஆப் போட்டுக்கோங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். யாரிடம் போய்ப் போடுவது என்பதற்கு அவர்களிடம் பதில் கிடையாது. 2025 வரை போனில் ரிங் போவதற்குள் ஓடிபி எச்சரிக்கை ஓதினார்கள், அதே ஓடிபியைக் கேட்காத ஒரு அரசு வேலையும் இல்லை. டேப் பெட்டிக்குள் இருக்கும் தாளோ கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்து. அப்புறம் மக்கள் கடைத் தம்பியிடம் போகாமல் எங்கே போவார்கள்?

உங்கள் கரையில் சார்ஜர் துளை சீக்கிரம் களிம்பு பிடிக்கும். ஈரக் கையோடு சார்ஜ் போடாதீர்கள், துளையில் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உப்போடு சேர்ந்தால் இன்னும் கெடுதல். டேப்பை ஆஃப் செய்து, காய்ந்த பல்குத்தும் மரக்குச்சியால் தூசியை மெல்ல எடுங்கள். அப்படியும் சார்ஜ் ஏறாமல் ரிப்பேருக்குக் கொடுக்க நேர்ந்தால் பின்னைக் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம். சார்ஜ் ஏறுகிறதா என்பது பூட்டிய திரையிலேயே தெரியும்.

என்றைக்காவது பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்குக் கூப்பிடுங்கள், உடனே பேங்குக்கு. லைன் கிடைக்காவிட்டால் விடாமல் அடியுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

இதை இன்றே செய்யலாம்: பழைய போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மூன்று புள்ளியில் "லிங்க்டு டிவைசஸ்" பாருங்கள். உங்கள் டேப் ஒன்றுதான் இருக்க வேண்டும். விண்டோஸ், குரோம் என்று வேறு ஏதாவது இருந்தால், அது கடைக் கம்ப்யூட்டராக இருக்கலாம். அதைத் தொட்டு "லாக் அவுட்" கொடுங்கள்.