பைக் டிஸ்க் பிரேக்குக்கு டாட் 3 தர பிரேக் ஆயில் ஊற்றலாமா, டாட் 4 ஊற்றலாமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைப் பாருங்கள், பொறித்திருப்பார்கள். இப்போது வரும் பைக்குகளில் பெரும்பாலும் டாட் 4 தான். ஆனால் இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐந்து வருடம் ஒரே ஆயிலில் ஓட்டினேன். "ஆயில்தான் இருக்கேண்ணே, எதுக்கு மாத்தணும்?" என்றார் மெக்கானிக். மதுரையில் காளவாசல் சிக்னலிலும் கோரிப்பாளையம் நெரிசலிலும் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போய்த் திரும்பினோம். 18 கொண்டை ஊசி வளைவு. கியரைக் குறைக்காமல் முன் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினேன். பாதி வழியில் லிவர் பஞ்சு போல அமுங்கிக் கைப்பிடியைத் தொட்டது. பின் சக்கரத்தில் ஆயில் இல்லாத டிரம் பிரேக், அதனால் தப்பித்தோம். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தியிருந்தோம். ஆறியதும் பிரேக் பழையபடி பிடித்தது!

காரணம் தண்ணீர். இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி வரை. இது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த டாட் 4-க்கோ அதே விதி கேட்பது 155 டிகிரிதான். ஆக, பழைய டாட் 4-ஐவிடப் புது டாட் 3 மேல். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். திரவம் அமுங்காது, குமிழி அமுங்கிவிடும். லிவர் உள்ளே போனது அதனால்தான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். தேன் நிறம் மாறிக் கறுத்திருந்தால் அதற்கு முன்பே. கடையில் பாதி தீர்ந்து திறந்தே கிடக்கும் பாட்டில் வேண்டாம், சீல் உடைக்காததை நீங்களே வாங்கிக் கொடுங்கள். நம்பர் பெரிது என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான், இதோடு சேராது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-ஓடு சேரும்.

அப்புறம், டப்பாவில் மட்டம் இறங்கினால் உடனே ஊற்றாமல், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைப் பாருங்கள். பேடு தேய்ந்தாலும் மட்டம் இறங்கும்.

நீங்களே மாற்றுவதானால் காலிபரில் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) உள்ள நிப்பிளில் டியூபை மாட்டி, லிவரை அமுக்கிப் பிடித்து, நிப்பிளைத் தளர்த்தி, ஆயில் வெளியேறியதும் அதை மூடிய பிறகே லிவரை விட வேண்டும். டப்பா காலியாக விட்டால் காற்று ஏறிவிடும். ஏபிஎஸ் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் விடுவது நல்லது. டேங்கின் மேல் ஈரத்துணி போட்டு மூடுங்கள், இந்த ஆயில் பெயின்டை உரித்துவிடும். நான் மூடாமல் செய்த இடத்தில் இப்போது ஒரு முருகன் ஸ்டிக்கர் இருக்கிறது.