கருவாட்டுக் களம் வரைபடத்தில் இல்லை: தரகருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: மயிலாடுதுறை மாவட்டத்தில் கடலோர ஊர் எங்களுடையது. நான் கருவாடு காயவைத்து விற்கிறேன். கலெக்டர் ஆபீஸில் வைத்திருந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) வரைவு வரைபடத்தை என் மகன் போனில் படம் எடுத்து வந்தான். நாங்கள் கருவாடு காயப்போடும் மணலும், படகு ஏற்றும் இடமும் அதில் வெற்றிடமாக இருக்கின்றன. ஒருவர் வந்து, வீட்டுக்கு 3,000 ரூபாய் கொடுத்தால் ‘சி.ஆர்.இசட். பட்டா’ வாங்கித் தருவதாகவும், கடலில் நம் ஊர்க்காரர்கள் வலை விடும் இடத்தையும் பதிந்து தருவதாகவும் சொல்கிறார். சிலர் ஆதார் நகலும் கையெழுத்தும் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ‘சி.ஆர்.இசட். பட்டா’ என்று ஒன்று கிடையாது. பட்டா கொடுப்பது வருவாய்த் துறை. சி.ஆர்.இசட். வரைபடம் யாருக்கும் எந்த இடத்தையும் சொந்தமாக்காது. கரையிலும் கடலிலும் எங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதற்கான வரைபடம் அது. அதில் உங்கள் களத்தைக் குறிக்கச் சொல்லி மனுக் கொடுக்க கட்டணம் எதுவும் இல்லை.

சரி, அது ஏன் வெற்றிடமாக இருக்கிறது? உங்கள் மகன் படம் எடுத்தது அநேகமாக 1:25,000 அளவு வரைபடமாக இருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். உங்கள் களம் 25 மீட்டர் அகலம் என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர். பேனா முனை வைத்தால் மறைந்துவிடும். இதற்காகத்தான் மத்திய அரசின் 2019 சி.ஆர்.இசட். அறிவிக்கை கிராம அளவு வரைபடம் ஒன்றையும் கேட்கிறது. 1:3,960 அளவில், பழைய கிராமப் புலப்படத்தை அடிப்படையாக வைத்துப் போட வேண்டியது அது. அதில் உங்கள் களம் ஆறு மில்லிமீட்டர் வரும், கண்ணுக்குத் தெரியும். மீனவ ஊர், ஊர்ப் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களம், ஐஸ் பிளான்ட், படகுத்துறை, பள்ளிக்கூடம், சாலை எல்லாம் அதில் காட்டப்பட வேண்டும் என்பது விதி. 1:25,000 வரைபடத்தை மட்டும் மேசையில் விரித்துவிட்டு ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்றால் யார் என்ன சொல்ல முடியும்? 1991-இல் முதல் அறிவிக்கை வந்தது, 2011-இல் ஒன்று, 2019-இல் ஒன்று. இத்தனைக்குப் பிறகும் கருவாட்டுக் களம் எங்கே இருக்கிறது என்று கருவாடு காயவைப்பவரிடம் வந்து கேட்க ஆள் இல்லை. எனவே மனுவின் முதல் வரியிலேயே கிராம அளவு வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள்.

மனுவை ஊர்ப் பஞ்சாயத்தார்தான் எழுதுவார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவர்கள் படகு நிற்கும் இடத்தையும் வலை பின்னும் கொட்டகையையும் மறக்காமல் சொல்வார்கள்; பெண்கள் வேலை செய்யும் களம் விட்டுப்போகும். புல எண், நீள அகலம், எத்தனை குடும்பம், எந்தெந்த மாதம் காயப்போடுகிறீர்கள் என்று எழுதுங்கள். கருவாடு காயும் நேரத்தில் நாலு படம் எடுத்து இணையுங்கள். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு ஒன்று, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு ஒன்று. இரண்டுக்கும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அந்த மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள்.

ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் பக்கத்துக் கடற்கரையில் இது சாதாரணம். கடல் அரித்து, பழைய களம் தண்ணீருக்குள் போயிருக்கும். நீங்கள் மேற்கே நகர்ந்து வந்திருப்பீர்கள். கிராமப் புலப்படத்தில் பழைய கரைதான் இருக்கும். பழைய புல எண்ணை மட்டும் எழுதினால் உங்கள் களத்தைக் கடலுக்குள் குறிப்பார்கள், அல்லது ‘அங்கே நிலமே இல்லை’ என்று மனுவை ஒதுக்குவார்கள். இப்போது காயப்போடும் இடத்தின் எண்ணை மட்டும் எழுதினாலும் போதாது. அது புறம்போக்காக இருந்தால் பரவாயில்லை. யாருடைய சவுக்குத் தோப்பின் ஓரமாகவோ கோயில் நிலமாகவோ இருந்தால், பொது இடம் என்று குறிப்பதை உரிமையாளர் எதிர்ப்பார். ஆகவே இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: முன்பு இங்கே இருந்தோம், கடல் எடுத்தது, இப்போது இங்கே இருக்கிறோம். நிலம் தனியாருடையது என்றால் காயப்போட அவர் சம்மதிக்கிறார் என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். சம்மதிக்கவில்லையா, அதையும் மறைக்காமல் எழுதி, பக்கத்துப் புறம்போக்கில் மாற்றுக் களம் கேளுங்கள். விஏஓவிடம் அ-பதிவேட்டைப் பார்த்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடும்.

அடுத்து கடல். தரகர் சொல்வதுபோல் கடலில் ஒரு வீட்டுக்கோ ஊருக்கோ இடம் பதிந்து தர யாராலும் முடியாது. தாழ்நீர்க் கோட்டிலிருந்து (நீர் வற்றும்போது கடல் நிற்கும் கோடு) 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர், சி.ஆர்.இசட். நான்காம் வகை. அதில் மீன்பிடிப் பகுதிகளையும் மீன் இனப்பெருக்கம் செய்யும் இடங்களையும் குறிக்கச் சொல்லிக் கேட்கலாம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது என்பது 1983-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உள்ள விதி. அதையும் மனுவில் நினைவூட்டுங்கள். எந்த மாதத்தில், எத்தனை பாகம் ஆழத்தில், என்ன வலை என்று படகு ஓட்டுபவர்களிடம் கேட்டு எழுதினால் போதும். மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டான பார் ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் புள்ளி கொடுக்காதீர்கள். அடுத்த ஊர்க்காரரிடம்கூடச் சொல்லாத இடத்தை அரசாங்கத் தாளில் ஏற்ற வேண்டாம். பகுதியின் எல்லையைச் சொன்னால் போதும்.

வரைபடத்தில் குறித்துவிட்டாலே கரைக்கும் கடலுக்கும் வரும் திட்டங்கள் நின்றுவிடாது. ஆனால் நாளைக்கு யாராவது ‘இங்கே யாரும் தொழில் செய்யவில்லை’ என்று அனுமதி கேட்கும்போது உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். கரைக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, துறைமுகத்துக்கு ஒரு வாரியம், எண்ணெய்க்கு ஓர் அமைச்சகம், காற்றாலைக்கு இன்னோர் அமைச்சகம். எல்லோரும் அதே தண்ணீரின் மேல்தான் கோடு போடுகிறார்கள், ஒருவர் கோடு இன்னொருவர் தாளில் இருப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பதுதான் கடல்பரப்புத் திட்டமிடல். நார்வேயுடன் சேர்ந்து புதுச்சேரியிலும் லட்சத்தீவிலும் அதை முன்னோடியாகத் தொடங்கினார்கள். அது உங்கள் ஊருக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். 3,000 ரூபாய் போனால் போகட்டும், கையெழுத்து போனது பெரிய ஆபத்து. வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்தின் மேல் ‘எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று எழுதி, பக்கத்தில் வரப்போகும் ஏதாவது ஒரு கம்பெனிக்கு விற்க முடியும். கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் இதே கவனம் வேண்டும்: வருகைப் பதிவில் கையெழுத்து போட்டால் ஆட்சேபம் சொன்னதாக ஆகாது. எழுதிக் கொடுத்தது, மைக்கில் சொல்லிக் குறிப்பில் ஏறியது, இவைதான் கணக்கு. எழுதப்படாத தாளில் யார் கேட்டாலும், சொந்தக்காரரே கேட்டாலும், கையெழுத்து போடாதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்தவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யட்டும். கொடுத்த நகல்களைத் திருப்பித் தரும்படி அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ‘எங்கள் பெயரில் வேறு யார் கொடுக்கும் மனுவும் சம்மதக் கடிதமும் எங்களுடையது அல்ல’ என்று, அத்தனை பேரும் கையெழுத்திட்டு, கலெக்டருக்கு ஒரு கடிதம். அதன் நகல் ஆணையத்துக்கு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொண்டு வாருங்கள்.