நீப் விளக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடுவீடாக மிட்டாய் வாங்கும், பூசணியைக் குடைந்து விளக்கு வைக்கும் அக்டோபர் 31 ஹாலோவீனுக்காக, பள்ளியில் ஆளுக்குப் பத்து ‘வேடிக்கைத் தகவல்கள்’ எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குப் புரியட்டும் என்று இணையத்தில் தேடியவற்றைத் தமிழிலும் எழுதிவைத்தேன். ‘சௌவின் என்பது கெல்ட் மக்களின் மரண தேவதை’, ‘பூசணிக்கு முன்னால் நூல்கோலில்தான் விளக்கு செய்தார்கள்’, ‘மிட்டாயில் விஷம் கலப்பார்கள், கவனம்’ என்றெல்லாம் போகிறது. சரிபார்த்துச் சொல்வீர்களா? பேய் பிசாசுக் கொண்டாட்டமெல்லாம் நம் பிள்ளைக்கு எதற்கு என்று மாமியார் வேறு கேட்கிறார்.

வாசகி, கிளாஸ்கோ

அன்புள்ள தங்கைக்கு,

மாமியாரிடம் வாதாடாதீர்கள். பேரனை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்த முனிக் கதை ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

முதல் தகவலை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். சௌவின் என்று ஒரு தேவதை கிடையாது. அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் பழைய குடிகளான கெல்ட் மக்களுக்கு, அறுவடை முடிந்து, மேயப்போன மாடுகள் ஊர் திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நாளின் பெயர் அது. ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு இன்றும் அதுதான் பெயர். 18ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வலன்சி என்ற ராணுவப் பொறியாளர் எழுதிவைத்த பிழையை இன்றுவரை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ‘ஐப்பசி என்பது தமிழர்களின் மரண தேவதை’ என்று யாராவது எழுதினால் உங்களுக்குக் கோபம் வராதா? அவர்கள் மாதத்தை மட்டும் எமனாக்கி பிள்ளை கையில் கொடுத்து அனுப்பலாமா?

விஷ மிட்டாயையும் எடுத்துவிடுங்கள். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958இலிருந்து வந்த செய்திகளைத் துருவிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த விஷ மிட்டாயைத் தின்று ஒரு குழந்தை செத்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

இனி நூல்கோல். இதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஆங்கிலத்தில் டர்னிப் என்று இருந்திருக்கும், அதை நூல்கோல் என்று எழுதிவிட்டீர்கள். நூல்கோல் என்பது மண்ணுக்கு மேலே உருண்டு நிற்கும் தண்டு. டர்னிப் மண்ணைத் தொட்டு விளையும் கிழங்கு. அதிலும் ஸ்காட்லாந்தில் டர்னிப், நீப் என்றெல்லாம் சொல்வது, இங்கிலாந்துக்காரர்கள் ஸ்வீடு என்கிற, ஊதாத் தலையும் மஞ்சள் சதையும் உள்ள பெரிய கிழங்கை. முட்டைக்கோஸ் இனமும் டர்னிப் இனமும் கலந்து பிறந்தது அது. நூல்கோல் முட்டைக்கோஸ் இனம், ஆகவே நீப்புக்கு உறவுக்காரன்தான். ஆனால் விளக்காக நின்றது நீப். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதைத்தான் குடைந்தார்கள். அங்கிருந்து அமெரிக்கா போனவர்கள் அந்த மண்ணின் பூசணியைக் கண்டதும் அதற்கு மாறினார்கள். ஏன் மாறினார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஒரு நீப்பைக் குடைந்து பாருங்கள். பூசணிக்கு உள்ளே ஏற்கெனவே வெற்றிடம் இருக்கிறது. நீப் கல் மாதிரி.

கடையில் ஒன்றேகால் கிலோ, ஒன்றரைக் கிலோவில், குறுக்கே 14, 15 சென்டிமீட்டர் இருக்கிற கிழங்காகப் பாருங்கள். சின்னதாக வாங்கினால் மெழுகுவர்த்தி இறங்காது. சாதாரண தகரக்கிண்ண மெழுகுவர்த்தியே கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் அகலம்; சுற்றிலும் காற்று போக இடம் வேண்டும். அடியைத் தட்டையாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் உருண்டுகொண்டே இருக்கும். கிழங்கைக் கையில் பிடித்து வெட்டவே கூடாது. ஈரத்துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். கத்தி வழுக்குவதும் விரல் கிழிவதும் கையில் பிடிப்பதால்தான். மேலே மூன்று விரற்கடை கனத்துக்கு அரிந்து எடுத்தால் மூடி.

விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வட்டமாகக் கீறி, அதற்குள் கட்டம் கட்டமாக ஆழக் கீறுங்கள். இதுவரை உங்கள் வேலை. இனி மகனிடம் கனமான எவர்சில்வர் கரண்டியைக் கொடுங்கள். மெல்லிய கரண்டி வளைந்துவிடும். ஒன்றரை மணி நேரம் ஆகும், கை வலிக்கும், பாதியில் பூசணி வாங்கித் தரச் சொல்லி அழுவான். வாங்கிவிடாதீர்கள். சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும், முகம் வரும் பக்கம் மட்டும் அரை சென்டிமீட்டராகச் சுரண்டுங்கள். அப்போதுதான் வெட்டாத இடத்திலும் மஞ்சளாக ஒளி கசியும். கண்ணும் வாயும் சின்னதாக இருக்க வேண்டும். பூசணிக்கு வெட்டுகிற மாதிரி அகல வாய் வெட்டினால் தாடை பிளந்துவிடும்.

மூடியில் இரண்டு துளை போட மறக்காதீர்கள். மறந்தால் காற்றில்லாமல் தீபம் அணையும், இல்லையென்றால் மூடி கருகும். கொஞ்சம் கருகத்தான் செய்யும். அந்தக் கருகல் வாசனைதான் பழைய ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஹாலோவீன் வாசனை. சுரண்டிய சதையைக் கொட்டிவிடாதீர்கள். இருபது நிமிடம் வேகவைத்து, வெண்ணெயும் மிளகும் போட்டு மசித்தால் அன்றைய ராத்திரிச் சாப்பாடு.

அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் மேயோ கிளையில் டொனகல் பகுதி டர்னிப் விளக்கு ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. படத்தை மகனுக்குக் காட்டுங்கள். ஒட்டிய கன்னமும் குழிந்த கண்ணுமாக, பூசணிக்கு ஒருநாளும் வராத முகம்.

பத்துத் தகவலுக்கு வருகிறேன். பத்து எதற்கு? உங்கள் ஊர் வழக்கம் ஒன்று போதும். அங்கே அதற்கு கைசிங் என்று பெயர். வேஷம் கட்டிய பிள்ளை வாசலில் நின்று மிட்டாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. ஒரு பாட்டோ கவிதையோ வேடிக்கைத் துணுக்கோ சொல்லியாக வேண்டும். அதற்குக் கூலியாக வேர்க்கடலை, ஆப்பிள், ஆரஞ்சு. உங்கள் மகன் ஒரு விடுகதை போடட்டும். ‘எட்டாத ராணி இரவில் வருவாள், பகலில் மறைவாள், அவள் யார்?’ முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் மொழியில் சொல்லட்டும். நிலா என்று விடை வரும்வரை வாசலைவிட்டு நகர வேண்டாம்.

விளக்கை 29ஆம் தேதிக்கு முன்னால் குடையாதீர்கள். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பள்ளிக்கு எடுத்துப்போனால் உள்ளே பேட்டரி விளக்குதான். சாயங்காலம் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றலாம், அந்த நாளில் அங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். 31 காலையில் வெளியே எடுக்கும்போது கண் இரண்டும் சுருங்கியிருக்கும். கத்தி நுனியால் ஒரு சுற்றுச் சீவிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா