பரிசோதனை முடிவு பார்க்கப்படாமல் கிடந்தது குறித்து

வணக்கம். முடக்குவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் எடுத்துவரும் ஒருவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருப்பதைக் காட்டிய இரத்தப் பரிசோதனை முடிவு, உங்கள் கிளினிக்கில் எட்டு நாட்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததென்றும், அதைக் கோப்பில் வைத்த ஊழியரைக் கண்டித்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் உறுதியான கருத்து. அவரிடம் கடுமையாகப் பேசினால், அடுத்த தவறு உங்கள் காதுக்கே வராது.

முதலில் நோயாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி வருத்தம் தெரிவியுங்கள். (மருந்தை நிறுத்தி மறுபரிசோதனை செய்துவிட்டீர்கள் என நம்புகிறேன்.) பிறகு அனைவரும் ஒன்றாக அமர்ந்து, அந்தத் தாள் ஆய்வகத்திலிருந்து வந்தது முதல் யார் மேசையில் எவ்வளவு நேரம் இருந்தது, மருத்துவர் விடுப்பில் இருக்கையில் யார் பார்க்க வேண்டும் என்பது எங்காவது எழுதப்பட்டிருந்ததா என்று படிப்படியாகப் பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடியது என்பதால், இதை உட்கொள்ளும் அனைவரின் பெயர்களையும் பதிவேட்டிலிருந்து எடுத்து, எத்தனை பேருக்கு உரிய காலத்தில் பரிசோதனை நடந்தது, எத்தனை முடிவுகளில் மருத்துவரின் கையொப்பமும் தேதியும் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். முடிவுகளைப் பார்க்கும் முறையை மாற்றி, 3 மாதங்களுக்குப் பின் மறுபடியும் எண்ணுங்கள். இந்த இரண்டாவது எண்ணிக்கையை விட்டுவிட்டால், மாற்றம் பலித்ததா என்பது தெரியாமலே போகும். இரத்தப் பரிசோதனையால் கண்காணிக்க வேண்டிய லித்தியம் (மனநலச் சிகிச்சை மருந்து), வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கும் இதே பட்டியல் முறை பொருந்தும்.