இரவில் சத்தம் போடாத, சீக்கிரம் கெடாத ஜாய்ஸ்டிக் சுவிட்ச் எது?

சண்டை விளையாட்டுகளுக்கென்று பெட்டி வடிவ ஜாய்ஸ்டிக் வாங்கியிருக்கிறீர்கள். இரவில் அதன் ‘டக் டக்’ சத்தத்தில் வீட்டார் தூக்கம் கெடுகிறது. எந்தச் சுவிட்சை மாற்றலாம் என்று கேட்கிறீர்கள். அடுத்த அறையில் பெற்றோரோ குழந்தையோ தூங்கும் சிறிய வீடு உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சுவிட்ச் வாங்கக் கிளம்புவதற்கு முன் அடித்தகட்டைக் கழற்றி, நான்கு மைக்ரோ சுவிட்சுகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு குறிப்பிட்ட இடம் வந்ததும் சட்டென்று புரளும். ‘டிக்’ என்ற அந்தச் சின்னச் சத்தம் மட்டும்தான் சுவிட்சுக்கு உரியது. உங்கள் வீட்டாரை எழுப்பும் கனமான ‘டொக்’, கைப்பிடியின் தண்டு அடியிலுள்ள சதுரச் சட்டத்தில் மோதுவதால் வருவது. வெற்றுப் பெட்டி அதை இன்னும் பெரிதாக்கிவிடுகிறது. விலை உயர்ந்த சுவிட்சை வாங்கிப் போட்டுவிட்டு, சத்தம் குறையவே இல்லை என்று புலம்பும் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

இதை நான் படித்துவிட்டுச் சொல்லவில்லை. சென்னையில் ஒரு வணிக வளாகத்தின் விளையாட்டுக் கூடத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே பழைய பேக்-மேன் பெட்டி ஒன்று இருந்தது. 1980இல் வந்த விளையாட்டு. அதில் மைக்ரோ சுவிட்ச் கிடையாது, லீஃப் சுவிட்ச்தான்: அருகருகே இரண்டு உலோகப் பட்டைகள், கைப்பிடி தள்ளும்போது ஒன்றையொன்று தொடும், அவ்வளவுதான். புரளும் ஸ்பிரிங் இல்லாததால் ‘டிக்’ சத்தமும் இல்லை. ஒருநாள் இடப்பக்கம் திரும்பவில்லை என்று புகார் வந்தது. கைப்பிடியையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டு என்றார் உரிமையாளர். திறந்து பார்த்தால் தொடுமுனைகள் கறுத்திருந்தன. தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றை இரண்டு பட்டைகளுக்கும் நடுவே நுழைத்து, மெல்ல அழுத்திப் பிடித்து இழுத்தேன். கார்டில் கரிக்கோடு விழுந்தது. பிறகு குறட்டால் பட்டையைச் சற்றே வளைத்து இடைவெளியைச் சரிசெய்தேன். புதிய பாகம் எதுவும் வாங்காமலே அது மறுபடி ஓடியது.

அந்தக் கூடத்தை மூடியபோது அந்தப் பெட்டியையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேட்ட விலை கொடுத்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தனியாகக் கணக்கு எழுத நேரமில்லை என்றார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லைதான். ஆனாலும் பழுதுபார்த்தவனின் சொல்லுக்கு மதிப்பே இல்லாத அந்த வழக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லீஃப் சுவிட்ச் பழங்காலத்துச் சரக்கு என்று யாராவது பதில் எழுத வருவார்கள். எல்லோரும் அதற்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. சண்டை விளையாட்டில் அடுத்தடுத்துத் திசை மாற்றும் கைக்கு, சுவிட்ச் எங்கே விழுந்தது என்பது விரலில் தெரிய வேண்டும். அதற்கு மைக்ரோ சுவிட்சே சரி. காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட்தான் நிரந்தரத் தீர்வு என்பவர்களும் உண்டு. கட்டைவிரலால் ஆட்டும் சிறிய ஸ்டிக்குகளுக்கு அது உண்மை. அவற்றில் கார்பன் தடம் தேய்ந்து, தொடாமலே விளையாட்டுக் கதாபாத்திரம் நகர ஆரம்பிக்கும். சேகா நிறுவனம் 1998இலேயே தன் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியில் காந்த முறையைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் உங்கள் பெட்டியில் தேய்வதற்குக் கார்பன் தடமே இல்லையே!

ஆயுள் விஷயத்தில் விளம்பர எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஓம்ரான் நிறுவனத்தின் எஸ்.எஸ்.-5 மைக்ரோ சுவிட்சுக்கு இயந்திர ஆயுள் (மின்சாரம் இல்லாமல் அழுத்தினால்) 3 கோடி அழுத்தங்கள், மின் ஆயுள் (மின்சாரம் பாயும்போது) 2 லட்சம். இரண்டாவது எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது 5 ஆம்பியர் மின்சாரம் பாயும்போது உள்ள கணக்கு. ஜாய்ஸ்டிக்கில் ஓடுவதோ சில மில்லி ஆம்பியர். இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் தொடுமுனை எரிந்து தேயாது, அழுக்குப் படிந்துதான் மக்கர் செய்யும். அதனால் மாற்றுவதாக இருந்தால், அளவும் அழுத்த விசையும் பொருந்துகிற, தங்கக் கலவைத் தொடுமுனை கொண்ட 0.1 ஆம்பியர் வகையை வாங்குங்கள். சான்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். போன்ற கைப்பிடிகளில் நான்கு சுவிட்சுகளும் ஒரே பலகையில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். சால்டர் வராதென்றால் பலகையையே மாற்ற வேண்டும். ஹாப் நிறுவன வகைக் கைப்பிடியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றலாம், ஆனால் சத்தம் அதிகம்.

ஆக, முதலில் பெட்டிக்குள் அடர்த்தியான ஃபோம் வையுங்கள். சதுரச் சட்டத்தின் உட்சுவரில் மெல்லிய ரப்பர் ஒட்டுங்கள். பொத்தான்களின் சத்தமும் குறைய வேண்டுமென்றால் சான்வாவிலேயே சத்தமில்லாத வகை கிடைக்கிறது. ரப்பர் ஒட்டியபின் நான்கு மூலைத் திசைகளையும் சோதித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு மூலை விழவில்லை என்றால் ரப்பர் தடிமனாக இருக்கிறது; அதை உரித்துவிட்டு இன்னும் மெல்லியதாக ஒட்டுங்கள்.