நான்கு சென்ட் வேட்பாளர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினாறு ஆண்டுகளாக நியூயார்க்கில் வசிக்கிறேன். குடியுரிமை கிடைத்தபின் நான் போடப்போகும் முதல் வாக்கு, எங்கள் தொகுதியின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் ஓர் இடத்துக்குப் பதினோரு பேர் நிற்கிறார்கள். அலுவலக நண்பர்கள் பந்தயச் செயலியைத் திறந்து காட்டுகிறார்கள். முன்னணியில் இருப்பவரின் விலை 62 சென்ட். எனக்குப் பிடித்த பெண்மணியின் விலை 4 சென்ட். “உன் வாக்கு வீண்” என்கிறார்கள். 62 சதவீத மக்கள் அவர் பக்கம் என்றுதானே இதற்குப் பொருள்? நானும் நூறு டாலர் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை, அப்படிப் பொருள் இல்லை. அவர் ஜெயித்தால் ஒரு டாலர் தருவேன் என்கிற சீட்டை இன்று 62 சென்டுக்கு வாங்குகிறார்கள், அவ்வளவுதான். அவர் முதலிடம் வருவார் என்று பணம் போடுகிறவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதே அந்த எண். எத்தனை பேர் அவரை விரும்புகிறார்கள் என்பதை அது சொல்வதில்லை.

2022 ஆகஸ்டில் உங்கள் ஊரின் பத்தாம் தொகுதியில் நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியைப் பாருங்கள். கீழ் மன்ஹாட்டனும் புரூக்ளினின் ஒரு பகுதியும் சேர்ந்த தொகுதி. பத்துப் பேருக்கு மேல் களத்தில் இருந்தார்கள். டேனியல் கோல்ட்மேன் ஏறத்தாழ 26 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். யு-லின் நியூ சுமார் 1,300 வாக்குகளில் தோற்றார்; மூன்றாமவர் மாண்டேர் ஜோன்ஸ். தேர்தலுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு நியூவும் ஜோன்ஸும் சேர்ந்து மேடையேறி கோல்ட்மேனை எதிர்த்துப் பேசினார்கள். ஆனால் இருவரில் ஒருவரும் விலகவில்லை. கோல்ட்மேன் ஜெயிப்பார் என்ற சீட்டு ஒருவரிடம் இருந்திருந்தால் அதற்கு ஒரு டாலர் கிடைத்திருக்கும். ஆனால் வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பேர் வேறொருவரை விரும்பியிருந்தார்கள். பலர் நிற்கும்போது சில வாக்குகளே முடிவு செய்யலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மூன்றாம் தொகுதியில் 2018இல் அதே கட்சியின் பிரைமரியில் பத்துப் பேர் மோதினார்கள். மறு எண்ணிக்கைக்குப் பிறகு லோரி டிரஹான் ஜெயித்தது 145 வாக்குகளில்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய செயலியின் படத்தில் உள்ள விலைகளைக் கூட்டிப் பார்த்தேன்: 62, 21, 9, 4, 3, இரண்டு பேருக்கு 2, நான்கு பேருக்கு 1. மொத்தம் 107. ஜெயிக்கப்போவது ஒருவர்தான், நூறுக்கு மேல் எப்படி வரும்? கடைசி ஆட்களின் விலையை இறக்க யாருக்கும் ஆர்வமில்லை. ஒரு சென்ட் ஆள் தோற்பார் என்று பந்தயம் கட்டினால், 99 சென்ட் மாதக்கணக்கில் முடங்கும்; லாபம் ஒரு சென்ட். ஆகவே உங்கள் பெண்மணியின் 4 சென்ட்கூடக் கொஞ்சம் மிகையான விலையாக இருக்கலாம். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அதிபர் தேர்தலைப் போல இங்கே பணம் குவிவதும் இல்லை. வசதியுள்ள ஒரே ஒருவர் சில ஆயிரம் டாலரைக் கொண்டு விலையை ஏற்றிவிட முடியும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது “உன் வாக்கு வீண்” என்ற உங்கள் நண்பர்களின் அந்த ஒரு வாக்கியத்தில்தான். விலையைப் பார்த்து வாக்காளர் விலகுகிறார். விலகியதால் ஆதரவு குறைகிறது. குறைந்த ஆதரவைப் பார்த்து விலை இன்னும் இறங்குகிறது. யாரோ சிலர் போட்ட பணம், வாக்குச்சாவடிக்கு முன்பே வேட்பாளரை வெளியேற்றுகிறது.

உங்கள் தயக்கத்தில் நியாயமான பகுதியும் உண்டு. நியூயார்க் மேயர் பிரைமரியில் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். பிடித்தவரை முதலில் எழுதி, ஜெயிக்கக்கூடியவரை அடுத்து எழுதலாம். காங்கிரஸ் பிரைமரியில் அந்த வசதி இல்லை. ஒரே பெயர், அதிக வாக்கு பெறுபவருக்கே வெற்றி. முதல் இருவரில் ஒருவர் வரவே கூடாது என்று நீங்கள் அஞ்சினால், மற்றவருக்கு வாக்களிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த அச்சம் உங்களுடையதாக இருக்கட்டும், செயலி தந்ததாக இருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் அச்சமே தென்படவில்லை. அந்தப் பெண்மணிக்கே வாக்களியுங்கள். அதற்குமுன் அந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள்; இல்லையென்றால் பிரைமரியில் வாக்களிக்க விடமாட்டார்கள்.

நூறு டாலர்? பந்தயத்தில் போட வேண்டாம். 4 சென்ட் விலையில் 2,500 சீட்டுகள் கிடைக்கும்; அவற்றால் அவருக்கு ஒரு வாக்குகூடச் சேராது. அதே நூறை அவருடைய பிரச்சாரத்துக்குக் கொடுங்கள். இப்போது நீங்கள் குடிமகன். ஒரு வேட்பாளருக்கு இந்தப் பிரைமரிக்காக 3,500 டாலர் வரை சட்டப்படி தரலாம். ஒரு சனிக்கிழமை அவருடைய ஆட்களோடு உங்கள் கட்டடத்திலேயே நான்கு மாடி ஏறி இறங்குங்கள். யார் கதவைத் திறந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.