கொடி நாளுக்குக் கொடுக்கிற பணம் முன்னாள் ராணுவ வீரர்களுக்குப் போய்ச் சேர்கிறதா?

சேர்கிறது. எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது, அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரிக்குப் போகிற ஊர். பெரியப்பா 1971 போரின்போது பணியில் இருந்தவர். தாத்தா படுத்த படுக்கையானதும், நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் பதினோராம் வருடத்திலேயே எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சிப்பாய்க்கு பென்ஷன் வர 15 வருட சர்வீஸ் வேண்டும். ஊரில் எல்லோரும் "மிலிட்டரிக்காரருக்கு என்ன குறை" என்பார்கள். அவரும் மறுத்துப் பேசியதில்லை. கேட்டு வாங்கக் கூச்சப்படுகிற இப்படிப்பட்டவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

65 வயது தாண்டியதும் நான்தான் வற்புறுத்தி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். கடைசி வருடங்களில் மாதம் 4,000 ரூபாய் கணக்கில் வந்தது. அது கொடி நாள் நிதிப் பணம். ஹவில்தார் பதவி வரை இருந்து பென்ஷன் இல்லாதவர்களுக்கும், அவர்களுடைய விதவைகளுக்கும் தருகிறார்கள். 2025 நவம்பர் 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பு, மகள் கல்யாணம் இவற்றுக்கும் இதே நிதிதான். அப்புறம், புனே பக்கம் கிர்க்கியில், முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போன வீரர்களுக்கான மறுவாழ்வு மையத்துக்கும் இதிலிருந்து உதவி போகிறது.

1949 முதல் டிசம்பர் 7 கொடி நாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். பெரியப்பா அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். பத்து ரூபாயை நாலாக மடித்து உண்டியலில் போட்டுவிட்டு, காகிதக் கொடியைக் குண்டூசியால் பையில் குத்திக்கொள்வார். ராத்திரி அதைக் கழற்றித் தினசரி காலண்டர் அட்டையின் ஓரத்தில் குத்தி வைப்பார். உதவி வாங்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பத்து ரூபாயை அவர் நிறுத்தவில்லை.

சில இடங்களில் வேறு வேலையாகப் போகிறவர்கள் கையில் கொடியைத் திணித்துப் பணம் வாங்குகிறார்கள். அது தப்பு, சந்தேகமே அதனால்தான் வருகிறது. அப்படிக் கொடுக்கப் பிடிக்கவில்லையென்றால் நிதிக்கு ஆன்லைனில் நேரடியாகக் கட்டலாம், பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு வரிவிலக்கும் உண்டு.

உங்கள் தெருவில் பென்ஷன் இல்லாத பழைய சிப்பாய் யாராவது இருந்தால் ஒருநாள் லீவு போட்டு அந்த அலுவலகத்துக்கு அழைத்துப்போங்கள். ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.